நள்ளிரவிலும் வந்த வெள்ளை வண்டி

வீட்டில் தீப்பற்றிக்கொண்டால் தீயணைப்புப் படையை அழைக்கிறோம். கள்வன் புகுந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லுகிறோம். மார்வலி கண்டவரை ஆம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரைகிறோம். இவை யாவரும் அறிந்தவை. ஆனால் வீட்டிலுள்ள ஒருவருக்குத் திடீரென மனம் கலங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாட்களாக அவர் உறங்கவில்லை. யாரோ தம்மைக் கொல்ல வருவதாகச் சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அலறுகிறார். அல்லது, இனி வாழ்ந்து பயனில்லை என்று சொல்லி வாயிற்படியில் அமர்ந்துவிடுகிறார். நேரமோ இரவு இரண்டு மணி. அப்போது யாரை அழைப்பது?

உலகின் பெரும்பாலான நகரங்களில் இக்கேள்விக்கு நெடுங்காலமாக ஒரே விடைதான் இருந்து வந்தது. அது போலீஸ். குற்றம் ஏதும் செய்யாத ஒருவர் முன், குற்றவாளிகளைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து நிற்கிறார். அமெரிக்கா போன்ற நாடுகளில் அவர் இடுப்பில் துப்பாக்கியும் இருக்கும். உரத்த குரலில் ஆணை பிறக்கிறது. கலங்கிய மனத்துக்கு அந்த ஆணை விளங்குவதில்லை. விளங்காமையைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்வதனால் விபரீதம் நேர்கிறது. அமெரிக்கப் போலீசாரால் சுடப்பட்டு இறந்தவர்களைப் பற்றி 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் 2015 முதல் 2024 வரை ஒரு கணக்கைத் தொகுத்து வந்தது. அக்கணக்கின்படி, இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநோய்க்கு ஆட்பட்டிருந்தவர். அவர்களுள் சிலருக்காக உதவி வேண்டி முதலில் அழைத்தவர்கள் அவர்களுடைய சொந்த வீட்டாரே என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு என்று ஒரு சிறு நகரம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திக் காட்டியது. அந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெற்றது, பொதுமக்களுக்கு எவ்வாறு பயன்பட்டது, இறுதியில் ஏன் நின்றது என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலமெனக் கருதி இதை எழுதுகின்றேன்.

யூஜீன் நகரம்

அமெரிக்காவின் மேலைக் கடற்கரை மாநிலங்களுள் ஒன்று ஆரிகன். அம்மாநிலத்தில் வில்லமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது யூஜீன் நகரம். 2020-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 76 ஆயிரம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று அங்கே உள்ளது. அதனை அடுத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்ற சிறிய நகரம் இருக்கிறது.

1970-ஆம் ஆண்டையொட்டி அந்நகரில் 'ஒயிட் பேர்டு' என்ற பெயரில் ஓர் இலவச வைத்திய நிலையம் தோன்றியது. வெள்ளைப் பறவை என்பது அதன் பொருள். வீட்டை விட்டு வந்த இளைஞர்களுக்கும், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கும், கையில் காசில்லாதவர்களுக்கும் உதவுவதே அதன் நோக்கம். நம் அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்நிலையம் ஒரு முதலாளியின் கீழோ சர்க்காரின் கீழோ நடந்ததன்று. அங்கே வேலை செய்தவர்கள் கூடி அமர்ந்து, யாவரும் இசைந்த பின்னரே முடிவெடுக்கும் கூட்டு அமைப்பாகவே நெடுங்காலம் அது இயங்கி வந்தது.

1989-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதியன்று இந்நிலையம் நகர நிர்வாகத்துடன் சேர்ந்து ஒரு நடமாடும் உதவிப் பணியைத் தொடங்கியது. 'தெருக்களில் நெருக்கடி உதவி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்குக் 'கஹூட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் 'கள்ளக் கூட்டு' என்ற பொருளும் உண்டு. போலீசாரை ஐயத்துடன் நோக்கி வந்த ஒரு கூட்டத்தார் அதே போலீசாருடன் சேர்ந்து வேலை செய்ய முன்வந்ததால், தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு இட்ட பெயர் அது.

அழைப்பு வந்தது முதல்

இப்பணியின் வெற்றிக்கு அடிப்படையான காரணம் மிக எளியது. மக்கள் புதிதாக ஓர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய யாவற்றுக்கும் அமெரிக்காவில் வழங்கும் 911 என்ற எண்ணையோ, அவசரமல்லாத காரியங்களுக்கென நகரில் இருந்த மற்றோர் எண்ணையோ அழைத்தாலே போதும். இரண்டும் ஒரே செய்தி நிலையத்துக்குத்தான் போய்ச் சேரும்.

அங்கே அமர்ந்திருந்த சிப்பந்தி முதலில் சில கேள்விகள் கேட்பார். அங்கே யாரிடமேனும் ஆயுதம் இருக்கிறதா? யாரேனும் தாக்கப்படுகிறாரா? குற்றம் ஏதேனும் நடக்கிறதா? உடனே உயிர் போகும்படியான காயமோ நோயோ உண்டா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்ற விடை வந்தால் போலீசோ ஆம்புலன்சோ அனுப்பப்படும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று விடை வந்தால், அழைப்பு வானொலிக் கருவி மூலம் வெள்ளை வண்டிக்குச் செல்லும்.

எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கடை வாயிலில் நடுத்தர வயதினர் ஒருவர் தமக்குள் பேசிக்கொண்டு, போவோர் வருவோரை நோக்கிக் கூச்சலிடுகிறார். கடைக்காரர் அழைக்கிறார். பழைய முறையில் போலீஸ் வண்டி விளக்கு மின்ன வந்து நிற்கும். அந்த மனிதர் ஓடுவார், அல்லது எதிர்த்து நிற்பார். முடிவு சிறையாகவோ, கைவிலங்குடன் ஆஸ்பத்திரியாகவோ இருக்கும். புதிய முறையிலோ, சங்கொலியின்றி ஒரு வெள்ளை வண்டி சற்றுத் தள்ளி வந்து நிற்கும். சாதாரண உடையணிந்த இருவர் இறங்கி மெதுவாக நடந்து வருவார்கள். தம் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்பார்கள். "தண்ணீர் வேண்டுமா? சாப்பிட்டு எத்தனை நேரமாயிற்று?" என்பதுபோல் பேச்சுத் தொடங்கும்.

அந்த இருவர் யார்? ஒருவர் நர்ஸ் அல்லது அவசர வைத்திய உதவியில் தேர்ந்தவர். மற்றவர் மனநெருக்கடியில் இருப்பவர்களுடன் பேசிப் பழகிய ஊழியர். இருவரில் ஒருவரிடமும் ஆயுதம் கிடையாது. வேலையில் சேருவோருக்கு வகுப்பறைப் பாடத்துடன், பழைய ஊழியர்களோடு வண்டியில் சென்று பெறும் பயிற்சி ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அளிக்கப்பட்டது.

இவ்விருவரும் ஏன் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்கலாம். மனக் கலக்கம் போலத் தோன்றுவது சில சமயம் உடல் நோயாக இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் அவர் குடித்தவர்போலத் தடுமாறுவார். தலையில் அடிபட்டவர் பிதற்றுவார். காய்ச்சலில் முதியோருக்கு இடமும் நேரமும் மறந்துபோகும். இவற்றை வைத்திய அறிவுள்ளவர் நோக்கிக்கொண்டிருக்கையில், மற்றவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒருவர் உடலைக் காண, மற்றவர் மனத்தைக் கண்டார்.

இசைவின்றி ஒன்றும் இல்லை

பேச்சுக்குப் பின் என்ன? அது அவரவர் தேவையைப் பொறுத்தது. சிலருக்குக் காலில் இருந்த புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டால் போதும். சிலருக்கு உலர்ந்த காலுறையும் கம்பளியும் தேவை. சிலரை அவர்கள் விருப்பப்படி ஆஸ்பத்திரிக்கோ, இரவு தங்கும் விடுதிக்கோ, போதை தெளியும் வரை பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கோ வண்டியிலேயே ஏற்றிச் சென்றார்கள். வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே மூண்ட சச்சரவை நடுவில் அமர்ந்து தணித்ததும் உண்டு. தற்கொலை எண்ணம் கொண்டவரிடம் அதைப்பற்றி ஒளிவுமறைவின்றிக் கேட்டு, அன்றிரவை எப்படிக் கழிப்பது, யார் உடனிருப்பது, காலையில் யாரைப் பார்ப்பது என்று ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்த பின்னரே புறப்படுவார்கள்.

இவை யாவும் அவருடைய இசைவைப் பெற்றே நடைபெற்றன. வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரை இழுத்துச் செல்லும் அதிகாரம் அந்த இருவருக்கும் இல்லை. இது ஒரு குறைபாடு என்று முதற்பார்வைக்குத் தோன்றலாம். உண்மையில் அதுவே அவர்களுடைய பலமாயிற்று. தம்மைக் கட்டாயப்படுத்த முடியாதவர்கள் என்று தெரிந்ததால், போலீசைக் கண்டால் ஓடுகிறவர்களும் இவர்களிடம் நின்று பேசினார்கள். நாளடைவில் தெருவில் வாழ்ந்தவர்கள் இவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகினார்கள். கட்டணம் ஏதும் வசூலிக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்புலன்சில் ஏறினால் பெருந்தொகைக்குச் சீட்டு வரும் அந்நாட்டில் இது சிறிய காரியமன்று.

நிலைமை எல்லை மீறினால் போலீசின் துணையைக் கோரவும் வழியிருந்தது. அதேபோல், போலீசார் ஓரிடத்துக்கு முதலில் சென்று, இது தம் வேலையன்று என்று கண்டால், வெள்ளை வண்டியை வரவழைத்து ஒப்படைத்துச் செல்வார்கள். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடாமல், ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் இந்த நடைமுறை பல ஆண்டுப் பழக்கத்தால் உருவானது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவதே தொழிலாகக் கொண்டவனாதலால், புகழுரையுடன் நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை. 2019-ஆம் ஆண்டில் யூஜீன், ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய இரு நகரங்களிலும் சேர்த்து இப்பணிக்கு வந்த அழைப்புகள் ஏறத்தாழ 24 ஆயிரம். போலீஸ் துணையைக் கோர நேர்ந்தவை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டே. வைத்திய நிலையத்தாரின் கணக்கின்படி அதற்கும் குறைவு. இதற்கான ஆண்டுச் செலவு ஏறத்தாழ 21 லட்சம் டாலர். அவ்விரு நகரப் போலீஸ் இலாகாக்களின் மொத்தச் செலவோ ஏறத்தாழ 9 கோடி டாலர்.

இவ்வெண்களைக் கேட்டவுடன், போலீசுக்குச் செல்ல வேண்டிய வேலையில் பெரும்பகுதியை இவர்கள் குறைத்துவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். நூற்றுக்கு 17 பங்கு அழைப்புகளை இவர்களே கவனித்தார்கள் என்பது வைத்திய நிலையத்தாரின் கணக்கு. நகரப் போலீஸ் இலாகாவின் ஆய்வாளர்கள் அதைச் சரிபார்த்து, உண்மையில் போலீசிடமிருந்து விலக்கப்பட்டவை நூற்றுக்கு 5 முதல் 8 வரையே என்றார்கள். இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை. வீடற்றவரை விடுதிக்கு ஏற்றிச் செல்வது, முதியவர் ஒருவர் நலமாக இருக்கிறாரா என்று பார்த்துவருவது போன்ற காரியங்கள் இவர்களுடைய வேலையில் பெரும்பகுதியாக இருந்தன. அவற்றுள் பலவற்றுக்குப் போலீஸ் எப்படியும் சென்றிருக்காது. யாரும் செல்லாத இடத்துக்குச் சென்றதைப் போலீசின் மிச்சமாகக் கணக்கில் காட்ட முடியாது. ஆனால் அது மக்களுக்குக் கிடைத்த வரவு அல்லவா? போலீசுக்கு எவ்வளவு மிச்சம் என்ற ஒரே கோலால் அளந்ததுதான் அங்கே நேர்ந்த பிழை.

பிற நகரங்களிலும் இம்முறை பயன் தருமா என்பதற்குக் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரம் சான்றாக உள்ளது. அந்நகரில் 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதே மாதிரியில் ஒரு வண்டி ஓடத் தொடங்கியது. முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்கு அது சென்றது. அவற்றில் ஒன்றிலும் ஒருவரையும் கைதுசெய்ய நேரவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் டீ, ஜேம்ஸ் பைன் ஆகிய இருவரும் இதை ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். வண்டி சென்ற வட்டாரங்களில் சில்லறைக் குற்றங்கள் பற்றிய பதிவுகள் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தன என்றும், கடுங்குற்றங்கள் கூடவில்லை என்றும், செலவு போலீஸ் வழிச் செலவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே என்றும் அவர்கள் கண்டார்கள்.

வண்டி நின்ற கதை

2020-ஆம் ஆண்டுக்குப் பின் யூஜீன் நகரத்து முறையைக் காண நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆரிகன் மாநிலத்தின் செனட்டர் ரான் வைடன் இப்பணியின் பெயரையே இட்டு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் சாரம் 2021 மார்ச் மாதத்தில் இயற்றப்பட்ட ஒரு பெரிய சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இத்தகைய நடமாடும் உதவிக்கு ஏழைகளுக்கான மருத்துவ நிதியிலிருந்து மாநிலங்கள் செலவிடும் தொகையில், முதல் மூன்று ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 85 பங்கை மத்திய சர்க்கார் தரும் என்று அச்சட்டம் கூறிற்று. ஒரு சிறு கூட்டு அமைப்பின் முயற்சி நாட்டின் சட்டமாயிற்று.

ஆனால் முன்மாதிரியாக நின்ற அந்த வண்டியே 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதியுடன் யூஜீன் தெருக்களில் ஓடாமல் நின்றுவிட்டது.

காரணம் ஊழல் அன்று, மக்கள் வெறுத்ததும் அன்று. பண ஏற்பாடு உறுதியாக இல்லாமற்போனதே காரணம். நகரம் ஒப்பந்தப்படி கொடுத்த தொகை செலவுக்குப் போதவில்லை. இப்பணி மலிவாக நடந்ததற்கு ஊழியர்களின் குறைந்த சம்பளமும் ஒரு காரணம் என்பதை முன்பு யாரும் அதிகமாகப் பேசவில்லை. இரவு பகலாகத் துயரத்தையே கண்டுகொண்டிருக்கும் வேலைக்கு அச்சம்பளத்தில் ஆட்களை நிறுத்திவைப்பது கடினமாயிற்று. மத்திய சர்க்கார் அறிவித்த புதிய பணம் மாநிலத்தின் ஏற்பாட்டின்படி மாவட்ட நிர்வாகங்களின் வழியாகச் சென்றது. லேன் மாவட்ட நிர்வாகம் 2024 ஆகஸ்டில் தனக்கென ஒரு நடமாடும் குழுவைத் தொடங்கியது. வைத்திய நிலையமோ நிதி நெருக்கடியில் சிக்கி ஆட்களைக் குறைத்தது. இரவும் பகலும் ஓடிய வண்டியின் நேரம் சுருங்கியது. இறுதியில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது.

மாவட்டக் குழு இன்றும் மனநெருக்கடி அழைப்புகளுக்குச் செல்லும் வகையில் அமைந்ததே. ஆயினும் அதன் வேலை வரையறுக்கப்பட்டது. புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், விடுதிக்கு ஏற்றிச் செல்வதும், குளிரில் படுத்திருப்பவரைப் போய்ப் பார்ப்பதும் அதன் முதன்மையான கடமைகள் அல்ல. பழைய வண்டி பெயரிடப்படாத பல சிறு துன்பங்களையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தது. அது நின்றபின்பே அவற்றின் அளவு நகரத்தாருக்குத் தெரிந்தது.

டொராண்டோ வகுத்த வழி

யூஜீன் தடுமாறிய அந்த இடத்தில் மற்றொரு நகரம் வேறு வழியை மேற்கொண்டது. அது கனடா நாட்டின் மிகப் பெரிய நகரமாகிய டொராண்டோ. அதன் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஈழத் தமிழர் பெருந்திரளாக வாழ்ந்து வருகின்றனர். ஆகவே அங்கே அமைந்த ஏற்பாடு தமிழ்க் குடும்பங்களையும் நேரே தொடுவதாகும்.

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நகரில் மனநெருக்கடியில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவர் குடும்பத்தார் உதவி வேண்டி அழைத்தனர். போலீசார் வந்திருந்த வேளையில் அப்பெண் உயர்ந்த மாடியிலிருந்து விழுந்து இறந்தார். நகரமே கொந்தளித்தது. அதன்பின் 2022-இல் நான்கு பகுதிகளில் 'டொராண்டோ சமூக நெருக்கடிச் சேவை' சோதனை முறையில் தொடங்கப்பட்டது. ஸ்கார்பரோவின் வடகிழக்குப் பகுதி அந்நான்கில் ஒன்று. 2023 நவம்பரில் நகரசபை இதனைப் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய மூன்றுடன் நாலாவது அவசரச் சேவையாக ஆக்கத் தீர்மானித்தது. 2024-இல் இது நகரம் முழுவதற்கும் விரிந்தது.

பதினாறு வயதுக்கு மேற்பட்ட எவருக்காகவும், இரவு பகல் எந்நேரமும், 211 என்ற எண்ணை அழைக்கலாம். 911-ஐ அழைத்தாலும், ஆபத்தில்லை என்று கண்டால் அழைப்பை இங்கே மாற்றிவிடுவார்கள். ஆங்கிலம் வாராதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையும் தொலைபேசியில் உண்டு. தாய்மொழியிலன்றித் துன்பத்தைச் சொல்லத் தெரியாத முதியோருக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் வருவோர் நகர அலுவலர்கள் அல்லர். அந்தந்தப் பகுதியில் முன்பே மக்களிடம் பழகி வந்த நான்கு சமூக நிறுவனங்களின் ஊழியர்கள். கட்டணம் கிடையாது. சொன்னது வெளியே போகாது. இங்கும் இசைவின்றி ஒன்றும் செய்வதில்லை. முதல் நாள் உதவியுடன் முடிந்துவிடாமல், இரண்டு நாட்களுக்குள் மீண்டும் தொடர்பு கொண்டு, வைத்தியர், வீட்டு வசதி, உணவு ஆகியவற்றுக்கு வழிகாட்டுவதும் திட்டத்தில் அடங்கும். 911-இலிருந்து மாற்றப்பட்ட அழைப்புகளில் நூற்றுக்கு 78 பங்கு, முதல் ஆண்டிலேயே போலீஸ் தலையீடின்றி முடிக்கப்பட்டன.

யூஜீனுக்கும் டொராண்டோவுக்கும் உள்ள வேறுபாடு ஊழியர்களின் அன்பில் இல்லை. நடைமுறையிலும் பெரிதாக இல்லை. ஒன்றில் இப்பணி நகரம் கொடுக்கும் ஓர் ஒப்பந்தமாகவே கடைசிவரை இருந்தது. மற்றொன்றில் அது நகரத்தின் நிரந்தரக் கடமைகளுள் ஒன்றாக ஏட்டில் ஏற்றப்பட்டது. தீயணைப்புப் படைக்கு இவ்வாண்டு பணம் உண்டா என்று எந்த நகரசபையும் ஆண்டுதோறும் கேட்பதில்லை. அந்த உறுதி மனநோயாளிக்காக ஓடும் வண்டிக்கும் வேண்டும்.

நாம் கருத வேண்டியது

இந்நகரங்களின் அனுபவத்திலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, உதவி தேடிச் செல்வது துன்பப்படுபவரின் வேலையன்று, உதவியே அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். இரண்டாவது, வருகிறவரிடம் ஆயுதம் வேண்டாம், நேரம் வேண்டும். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் தரையில் உடன் அமர்ந்திருக்கக் கூடியவரே அங்கே தேவை. மூன்றாவது, நல்ல மனம் பணியைத் தொடங்கும். ஆனால் அதை நிலைநிறுத்துவது ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணமும், ஊழியருக்கு நியாயமான சம்பளமும், உண்மையை உள்ளபடி காட்டும் கணக்குமே. ஒரு சங்கத்தின் பெயர் நாடெங்கும் பரவியிருக்கையிலேயே அதன் நிதி கரைந்துகொண்டிருக்கக் கூடும் என்பதை நம்மில் பலர் அறிவோம். வெள்ளைப் பறவை நிலையத்தின் வரலாறும் அதையே காட்டுகிறது.

நம் நாட்டில் இத்தகைய வண்டி எல்லா ஊர்களிலும் ஓடுகிறது என்று சொல்லுவதற்கில்லை. ஆயினும் 2022 அக்டோபர் 10-ஆம் தேதி முதல் மத்திய சர்க்கார் 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி உதவியை நடத்தி வருகிறது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கடன் சுமையாலோ, விளைச்சல் பொய்த்ததாலோ, காரணமே தெரியாமலோ மனம் உடைந்திருக்கும் அங்கத்தினர் எவர் குடும்பத்திலேனும் இருக்கக் கூடும். சங்கக் கட்டடத்து அறிவிப்புப் பலகையில் பட்டுவாடாத் தேதிக்கும் நூல் விலைக்கும் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்று தேடும் வீட்டாருக்கு அது உதவும்.